அந்தமான் அருகே நிலைகொண்ட குடும்பம்

தமிழ்நாட்டில் அந்தமானைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்றுதான்: அதன் அருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகும். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிக்கை வாசித்து முடிவதற்குள் என் செல்போன் அடிக்க ஆரம்பித்துவிடும். மயிலாடுதுறைப் பெரியப்பா, திருச்சி சித்தி, ஆவடி நாத்தனார் என்று வரிசையாக, “ஜாக்கிரதையா இரும்மா, பிள்ளைங்கள வெளியில விடாதே” என்பார்கள். பல சமயம் நான் அப்போது மொட்டைமாடி வெயிலில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருப்பேன். தாழ்வு நிலை பிறப்பது எங்கள் பக்கம்தான். ஆனால் அது வளர்ந்து ஆளாகி, ஒரு பெயரும் வைத்துக்கொண்டு போய்ச் சேருவது பெரும்பாலும் உங்களிடம். நாலு நாள் கழித்து நான் போன் போட்டு, “மெழுகுவத்தி இருக்கா பெரியப்பா?” என்று கேட்பேன்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு போர்ட் பிளேயருக்கு மாற்றல் வந்தபோது, “ரெண்டே வருஷம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்” என்றார்கள். ஓடியது. பிறகு ஒரு நீட்டிப்பு. பிறகு பையனின் பத்தாம் வகுப்பு. அது முடிந்ததும் பெண்ணின் பத்தாம் வகுப்பு. “ஒரு மாசம் இருந்துட்டு வரேன்” என்று ஒற்றைப் பையோடு வந்த என் மாமியார், இப்போது மளிகைக் கடையில் தன் பெயரில் தனிக் கணக்கு வைத்திருக்கிறார். வானிலைக்காரர்கள் பாஷையில் சொன்னால், அதே இடத்தில் நிலைகொண்டுள்ளோம்.

தீவு என்றதும் எல்லோரும் மணலும் தென்னையுமாகத் தட்டையாக ஓர் இடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் குடியிருப்பது சுத்தமான மலையூர். மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, சுமத்ரா நோக்கிப் போகிற வழியில் அங்கங்கே தலை நீட்டிப் பார்க்கிறது. அந்தத் தலைகள்தான் அந்தமானும் நிக்கோபாரும். திக்லிப்பூர் பக்கத்துச் சேடில் சிகரம் 732 மீட்டர். மியான்மர்காரர்களுக்கு மலை முழுசாகக் கிடைத்தது. எங்களுக்கு உச்சி மட்டும், அடிவாரம் தண்ணீரில்.

அபர்தீன் பஜாரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். எங்கள் மொட்டைமாடியும் பின்வீட்டு வாசலும் ஒரே மட்டம். திடீரென்று மழை வந்தால் அந்த வீட்டு வங்காளி மாமி தன் வாசலில் நின்றபடியே எங்கள் கொடியிலிருந்து துணியை உருவி மடித்து வைத்துவிடுவார். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதற்குப் படிக்கட்டு. வந்திறங்கிய அன்று அதன் அடியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்த மாமியார், “ஏண்டா, கடலைக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்துட்டு, பழனிக்குல்ல கூட்டிட்டு வந்திருக்கே!” என்றார்.

படியாவது பழகிவிட்டது. சூரியன்தான் வழிக்கு வரவில்லை. இந்தியா முழுவதற்குமான கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாங்களோ 93 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஜூன் மாதத்தில் விடிகாலை ஐந்து மணிக்கே சூரியன் வந்து ஜன்னலைத் தட்டும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையன் கிரிக்கெட் மட்டையைத் தேடி எடுப்பதற்குள் பந்து கண்ணுக்குத் தெரியாது.

இதனால் பெரிய பாதிப்பு ராகு காலத்துக்கு. மாமியார் மயிலாடுதுறையிலிருந்து பாம்புப் பஞ்சாங்கத்தை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற கணக்கு. “இங்கதான் அஞ்சு மணிக்கே உதிச்சுடறானே, ராகு மட்டும் ஏழரை வரைக்கும் காத்துக்கிட்டிருப்பானா?” என்று ஒருநாள் காலை காபி டம்ளரோடு கேட்டார். நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரர் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார்: சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் பன்னிரண்டரை டிகிரி, டிகிரிக்கு நாலு நிமிடம், ஆக ஐம்பது நிமிடம். எனவே இங்கே திங்கட்கிழமை ராகு காலம் 6.40 முதல் 8.10 வரை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு ராகு காலங்கள். எது எப்போது செல்லும் என்று தீர்ப்புச் சொல்கிறவர் மாமியார். எட்டேகாலுக்கு ஆபீஸ் கிளம்பும் மகனுக்கு அந்தமான் ராகு காலம்: “முடிஞ்சு போச்சுப்பா, தாராளமா போயிட்டு வா.” அதே எட்டேகாலுக்கு அம்மா வீட்டுக்குப் போன் போட உட்காரும் எனக்கு மயிலாடுதுறை ராகு காலம்: “இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கேம்மா, அதுக்குள்ள அந்தப் பாத்திரத்தைத் தேய்ச்சுடு.”

சூரியனுக்கு அடுத்தபடி எங்களை ஆட்டி வைப்பது கப்பல். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். விமானத்தில் வருகிறவர்களுக்கு இரண்டு மணி நேரச் சொச்சம். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் மூன்று நாள். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஊரில் காய்க்கடைக்குப் போனால் “தக்காளி என்ன விலை?” என்று கேட்போம். இங்கே முதல் கேள்வி, “கப்பல் வந்துடுச்சா?” வரவில்லை என்றால் விலை கேட்டு மனசைப் புண்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

கப்பல் வராத வாரங்களில் எங்களைக் காப்பாற்றுவது தேங்காயும் மீனும். தேங்காய்ச் சாதம், தேங்காய்த் துவையல், தேங்காய்ப்பால் சொதி என்று சுற்றிவந்து, கடைசியில் ஜங்லிகாட் மீன் சந்தைக்குப் போவோம். பாறை மீனுக்கு இங்கே கோக்காரி என்று பேர். ஊரில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என்றால் சனிக்கிழமையிலிருந்தே வீடு கமகமக்கும். இங்கே என் பெண் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னைக்கும் மீனாம்மா?” என்று அழாத குறையாகக் கேட்பாள். அவள் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பீன்ஸ் பொரியல் என்றாள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு. பெல்ட்டை ஒரு வாரம் மாட்டாமல் விட்டால் அதில் பச்சையாகப் பூஞ்சை பூத்திருக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்குப் போவதற்கு முன்பு மே மாதத்திலேயே இங்கே காலடி வைத்துவிடும். அது காலடி வைத்தது, ஊர் வழக்கப்படி வைகாசி பிறந்ததும் மாமியார் மொட்டைமாடியில் வேட்டி விரித்து ஊற்றியிருந்த கூழ்வடகத்தின் மேல். “அந்தமானில் பருவமழை தொடங்கியது” என்று அன்று இரவு டிவியில் மலர்ந்த முகத்தோடு செய்தி வாசித்தார்கள். மாமியார் டிவியை அணைத்துவிட்டார்.

இவ்வளவு மழை பெய்யும் ஊரில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தால் காற்று வரும். சரிவான ஊர், பெய்ததெல்லாம் கடலுக்கு ஓடிவிடுகிறது. ஊருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை இறங்க இறங்க, நாள்விட்டு நாள்தான் குழாயில் வரும். அதனால் ஒவ்வொரு வீட்டு மேலும் வரிசையாகக் கறுப்புத் தொட்டிகள். எங்களுக்குக் கடல் தெரியவேண்டிய திசையில் தெரிவது அடுத்த வீட்டுத் தொட்டி.

2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். ஆட்டோக்காரர்கள் இன்னும் பிளேயர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மாமியாருக்கு மகா சந்தோஷம். 1025-இல் ராஜேந்திர சோழன் கப்பல் கட்டிப் போய் அடித்தது ஸ்ரீவிஜயத்தைத்தானே? “எங்க பக்கத்து ராஜா ஜெயிச்ச பேருதானே!” என்று அன்று முதல் படிக்கட்டில் ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வதில்லை, நடையே மாறிவிட்டது. தமிழுக்கும் இங்கே குறைவில்லை. 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தாய்மொழி தமிழ் என்று சொல்லியிருக்கிறார்கள். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காவடிக் கூட்டத்தைப் பார்த்தால் மாமியார் முதல் நாள் சொன்ன பழனி பொய்யில்லை என்று தோன்றும்.

எத்தனை சொன்னாலும் ஊரிலுள்ளவர்கள் நாங்கள் வருஷக்கணக்கில் உல்லாசப் பயணத்தில் இருப்பதாகத்தான் நம்புகிறார்கள். “உங்களுக்கென்ன, சாயங்காலம் ஆனா பீச்சுதான்!” என்பார்கள். ஓர் ஊரில் தங்கிப்போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். குடியிருக்கிறவர்கள் கப்பலைப் பார்ப்பார்கள். நாங்கள் கடற்கரைக்குப் போவது விருந்தாளிகள் வந்தால் மட்டும்.

அவர்களும் தை பிறந்ததும் வர ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே சுற்று. 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறை. ஏழு சிறகுகளில் மிச்சமிருக்கும் மூன்று. சாயங்காலம் அங்கே நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியில் அரசமரம் கதை சொல்லும். மரம் வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்னால் என் பெண் அந்த வசனத்தைச் சொல்லிவிடுவாள். மறுநாள் நார்த் பே கலங்கரை விளக்கம். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருப்பது அந்தக் கலங்கரை விளக்கம் தெரிகிற காட்சி. நோட்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்காமல் எந்தச் சித்தப்பாவும் ஊர் திரும்பியதில்லை.

இதையெல்லாம் நாங்கள் முகம் சுளிக்காமல் செய்வதற்குக் காரணம் விருந்தோம்பல் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். இருக்கட்டும். விமானத்தில் ஒருவருக்குப் பதினைந்து கிலோ சாமான் இலவசம். யாராவது வருவதாகச் சொன்னால் மாமியார் “எத்தனை பேர்?” என்று கேட்பார். நாலு பேர் என்றால் முகம் மலர்ந்துவிடும், அறுபது கிலோ! சின்ன வெங்காயம், முருங்கைக்காய், கும்பகோணம் வெற்றிலை, காபிப் பொடி, போன வருஷம் மழை கொண்டுபோனதற்கு ஈடாகக் கூழ்வடகம் என்று போனிலேயே பட்டியல் போகும். போன தையில் ஆவடி நாத்தனார் தயங்கித் தயங்கி, “அம்மா, அப்புறம் எங்க துணிமணியை எங்க வைக்கிறது?” என்று கேட்டார்.

“துணிமணி எதுக்குடி?” என்றார் மாமியார். “இங்க வந்து உங்க அண்ணி புடவையைக் கட்டிக்க.”