பத்துப் படம், கணக்கில் எட்டு

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் தடா பஸ் நிறுத்தத்து டீக்கடைப் பக்கம் நாங்கள் கொஞ்சம் பதுங்கியே போவோம். நாற்பது பக்க நோட்டோடு ‘டாப் டென்’ அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

தடா ஆந்திர-தமிழக எல்லை ஊர்; எல்லை ஊர்க்காரருக்கு ரசனையும் இரண்டு மாநிலம். சென்னை ரயிலில் ஏறினால் தமிழ்ப் படம். எதிர்த்திசை ரயிலில் ஏறினால் சூலூர்பேட்டை. அங்கே 2019 ஆகஸ்டில் ‘சாஹோ’வோடு திறந்த அந்த நூறடித் திரை. அதைப் பார்க்கவே சென்னையிலிருந்து கார் போட்டு வந்து வாய் பிளக்கிறவர்களை, திருப்பதிக்காரர் மொட்டைத் தலையைப் பார்ப்பதுபோல் அண்ணன் சலனமில்லாமல் பார்ப்பார்.

வருஷா வருஷம் அந்த நோட்டில் பார்த்த படங்களின் முதல் பத்தைப் பட்டியல் போடுவார். 2024 பட்டியலில் முதல் இடம் ‘புஷ்பா 2’. காரணம் கதையும் இல்லை, சுகுமாரும் இல்லை. டிசம்பர் 4 இரவுச் சிறப்புக் காட்சிக்கு ஆந்திராவில் டிக்கெட் 800 ரூபாய், வரி தனி.

“எண்ணூறு குடுத்துப் பார்த்ததை ரெண்டாவதா போட்டா, வீட்ல எனக்கு சோறு விழுமாப்பா?”

அல்லு அர்ஜுன் சித்தூர்த் தெலுங்கு பேசியதில் அவருக்குப் பரம திருப்தி. வருத்தம் வேறு இடத்தில். “கடத்துற செம்மரம் மெட்ராஸுக்குப் போவணும்னா நம்ம செக்போஸ்ட்டைத் தாண்டாம எப்படிப் போவும்? தடான்னு ஒரு வார்த்தை என் காதுல விழலையே!”

“நகரி வழியாப் போயிருக்கும்ணா” என்றேன். அன்றைக்கு என் டீக்கு நானே காசு கொடுத்தேன்.

இரண்டாம் இடம் ‘மெய்யழகன்’. மூன்றாம் இடம் ‘சத்யம் சுந்தரம்’. இரண்டும் ஒரே படம்தானே, தெலுங்கில் பேர் மட்டும்தானே மாறியது என்று கேட்டுவிடக் கூடாது. “கார்த்தி தமிழ்ல அழுதா தொண்டை அடைக்குது, தெலுங்குல அழுதா கண்ணுல தண்ணி வருது. அது வேற, இது வேற.” சரி, நான்காம் இடம்? மறுபடியும் ‘மெய்யழகன்’! படம் வெளியான சில நாளில் பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள் அல்லவா, அந்த வெட்டிய பிரதி. எதை வெட்டினார்கள் என்று கண்டுபிடிக்கவே தனியாக ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறார். கண்டுபிடித்தாரா என்றால், நடுவில் தூங்கிவிட்டாராம்.

‘கல்கி’, ‘அமரன்’, ‘லக்கி பாஸ்கர்’, ‘மகாராஜா’, ‘லப்பர் பந்து’ எல்லாம் அதற்குப் பிறகு, ஆளுக்கு ஒரு வரி. ‘லக்கி பாஸ்கர்’ நேராகப் பார்த்தால் ‘அமரனு’க்கு மேலே வரவேண்டியது. இரண்டும் ஒரே தீபாவளிக்கு வந்தன. ‘பாஸ்கரை’ப் பார்த்த அன்று எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் தகராறு செய்ததால் ஒரு படி இறங்கிவிட்டது.

பத்தாம் இடம் மட்டும் கௌரவப் பதவி. வருஷத்துக்கு ஒரு படம், பட்டியலின் மானத்தைக் காப்பாற்ற. இந்த முறை ‘கொட்டுக்காளி’. பெர்லின் திரைப்பட விழாவுக்கெல்லாம் போய்வந்த படம். பின்னணி இசையே கிடையாது. எப்படி இருந்தது என்று கேட்டோம். வெகுநேரம் யோசித்தார்.

“அந்தச் சேவல் நல்லா பண்ணியிருக்கு.”

ஓடிடியில் பார்த்தது எதுவும் நோட்டில் ஏறாது. ரிமோட்டால் நிறுத்த முடிகிறதெல்லாம் படமே இல்லையாம். (தியேட்டரில் அவர் தூங்குவதை எந்த ரிமோட்டாலும் நிறுத்த முடியாது என்பது அண்ணி கட்சி.)

31ஆம் தேதி ராத்திரி, கடை அடைக்கிற நேரம். அண்ணன் நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, மேலே 2025 என்று எழுதினார். கீழே ‘1’ போட்டார்.

“இன்னும் வருஷமே பொறக்கலையேண்ணா?”

“பத்தாம் தேதி ‘கேம் சேஞ்சர்’ வருதே. டைரக்டர் ஷங்கர், நம்மாளு. ஹீரோ ராம் சரண், அதுவும் நம்மாளு. தடாக்காரனுக்குன்னே எடுத்த படம்பா இது!”

கடைக்காரர் கணக்கெழுதுகிற பென்சிலை நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை.

“அழிக்கிற வேலையே இல்ல. பேனா கொடு.”