தாத்தா வாட்சைப் புத்தம் புதுசாக்குவது எப்படி?

பரண்மேல் தகரப் பெட்டியில் தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா அகப்பட்டதா? வாழ்த்துகள். 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 2016-இல் வாட்ச் பிரிவையே மூடிவிடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்தது. ஆகவே, இனி எந்தப் பாகமும் ஃபேக்டரியிலிருந்து வராது. அதற்காகத் தயங்கலாமா? ஆரம்பிப்போம்.

1. போட்டோ எடுக்காதீர்கள். கொடுக்கும்போது எப்படி இருந்தது என்று தெரிந்தால், திரும்பி வரும்போது வீணாக மனசு கஷ்டப்படும்.

2. ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். "ரெண்டு வாரம் ஆகும் தம்பி, டயலைத் தொடலாமா வேண்டாமா?" என்று கேட்கும் பெரியவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். எதிர்க்கடையில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவார். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வசனம்: "எல்லாத்தையும் புதுசாப் பண்ணிடுங்கண்ணே." வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள்.

3. முதல் பலி டயல். வெள்ளை டயல் தயிர் நிறமாகி, ஓரத்தில் தேமல் போலப் புள்ளி விழுந்திருக்கும். அப்படி ஆக நாற்பது வருஷம் பிடித்தது. அழிக்க நாற்பது நிமிஷம் போதும். மறுபடி பெயின்ட் அடித்து அச்சிடச் சொல்லுங்கள். கம்பெனி கனவிலும் நினைக்காத மயில்கழுத்து நீலம் கிடைக்கும். '17 ஜுவல்ஸ்', 'பாராஷாக்' என்ற மெல்லிய எழுத்துகள் இட்லி போல உப்பி வரும். நல்லதுதானே, கண்ணாடி போடாமலே படிக்கலாம்.

4. அடுத்தது பாலிஷ். இங்கே கஞ்சத்தனம் கூடாது. ஜனதாவின் உடம்பு பித்தளை, மேலே குரோமியம் முலாம். மோட்டார் சக்கரத்தில் நன்றாகத் தேய்த்தால் கீறலோடு முலாமும் போய், உள்ளிருக்கும் மஞ்சள் பல்லிளிக்கும். 'தங்க முலாம்' என்று சொல்லிக்கொள்ளுங்கள். வார் மாட்டும் காதுகளின் கூர்மையான விளிம்புகள் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஆகும்வரை நிறுத்தாதீர்கள். தாத்தா கிணற்றுச் சுவரில் உரசிய கோடு எங்கே என்று பாட்டி கேட்டால், அது அழுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

பின்மூடியைத் திறந்தால் உட்புறம் பொடிப்பொடியாக ஏதோ கீறியிருக்கும். ஒவ்வொரு சர்வீஸின்போதும் அந்தக் காலத்து மெக்கானிக்குகள் ஊசியால் எழுதி வைத்த தேதியும் குறியும் அவை. வாட்சின் ஜாதகமே அதுதான். அதையும் தேய்த்துவிடுங்கள், ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்தானே நீங்கள்.

5. கண்ணாடி. பிளாஸ்டிக் வகையான அக்ரிலிக். கொஞ்சம் பற்பசை தொட்டுத் துணியால் தேய்த்தாலே மேலோட்டமான கீறல் மறையும். மூன்று ரூபாய் வேலை. எனவே வேண்டாம். தட்டையான புதுக் கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

6. இதுவரை படித்துவிட்டு, எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பழமையைப் போற்றவும் வேண்டும். மாற்றியே ஆக வேண்டியவை என்று கைதேர்ந்தவர்கள் சொல்பவை சில உண்டு: களைத்துப்போன மெயின்ஸ்பிரிங், நொறுங்கிய ரப்பர் வளையம், காய்ந்து பிசினாகிவிட்ட எண்ணெய். அவற்றைத் தொடவே விடாதீர்கள். அவை ஒரிஜினல் அல்லவா! இந்த இயந்திரம் நொடிக்கு ஐந்து துடிப்பு, ஒரு நாளைக்கு 4,32,000. அத்தனையும் எண்ணெய் இல்லாமல், வறட்டு உரசலிலேயே நடக்கட்டும். அச்சுமுனைகள் தேயும், பிறகு அவற்றுக்கும் மாற்று தேடலாம். பொழுது போகும்.

7. மாமனாரிடம் 1960-க்கு முந்தைய ஸ்விஸ் வாட்ச் இருந்தால் இன்னும் விசேஷம். இருட்டில் மினுங்கிய முட்கள் இப்போது மினுங்குவதில்லை என்பதால் அதிலிருக்கும் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நம்புங்கள். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். களைத்தது கூடவே இருந்த துத்தநாக சல்பைடு மட்டும்தான். ரேடியத்தைச் சுரண்டிய மேசையிலேயே மதிய டிபனைப் பிரிக்கும் மெக்கானிக்காகப் பார்த்துக் கொடுங்கள்.

8. கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேட்காதீர்கள். ஒரு சின்ன பொட்டலம்தான், அவரும் கொடுத்துவிடுவார். ஆனால் கேட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? முட்கள், சாவி கொடுக்கும் திருகு, கழற்றி வைத்த டயல் எல்லாம் அவருடைய பழைய பல்பொடி டப்பாவில் பத்திரமாக இருக்கும். (என் அப்பா வாட்சின் நொடி முள் அப்படியொரு டப்பாவில்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை. கௌரவம் முக்கியம்.)

9. ஆறு மாதம் கழித்துப் பழைய சாமான் கடைப் பக்கம் போங்கள். 'ஒரிஜினல் டயல், கைபடாதது' என்று ஒன்று வைத்திருப்பார்கள். தயிர் நிறம், ஓரத்தில் தேமல். ஒன்பதுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் புள்ளியை எங்கோ பார்த்த மாதிரி இருக்கும்.

பேரம் பேசாதீர்கள். இந்த மாதிரி இனிமேல் கிடைக்காது.