மூன்று நோட்டு, ஒரே இடுப்பு

செலியமேடு கிராமத்தில் குடியை விட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாகூர் வயல்களில் குனிந்தே தேய்ந்த இடுப்பு. அதற்கு இத்தனை காலம் சாராயம்தான் தைலம். குடி போனது, வலி போகவில்லை.

மருத்துவ மாணவர் வருகிறார். தேசிய மருத்துவ ஆணையம் சொன்னபடி குடும்பத்தைத் தத்தெடுக்க வேண்டுமே! பேரன் தாத்தாவைத் தத்தெடுக்கும் திட்டம். "எப்போ குடியை விட்டீங்க ஐயா?" அடுத்த வாரம் நர்சிங் மாணவி, அதே கேள்வி. பிறகு பிசியோதெரபி மாணவி. "ஏம்மா, நோட்டை மாத்திப் பாத்துக்கக் கூடாதா?" என்கிறார் பெரியவர்.

பல துறை மாணவர்கள் சேர்ந்தே படிக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே அறிக்கை போட்டது. இங்கே ஈரல் ஒரு நோட்டில், தூக்கம் ஒரு நோட்டில், இடுப்பு இன்னொன்றில். வலிமாத்திரை கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே குழுவாகிச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். டிரமடால் என்கிற வலிமாத்திரை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது, எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் எச்சரிக்கையைத் தடவினால் இடுப்பு வலி குறையுமா?

சாராயக்கடையைப் பாருங்கள். ஊற்றுகிறவர், சுண்டல் விற்கிற அம்மா, கடன் எழுதுகிறவர், வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆட்டோக்காரர். எந்தப் பயிற்சிப் பட்டறைக்கும் போனதில்லை. பெரியவர் வாசலைத் தாண்டினால் போதும், நாலு பேரும் கேட்பார்கள்: "இடுப்பு தேவலையாண்ணே?"