பொய், நீ, பத்து, எறும்பு

எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் லெஃப்டினன்ட்டுக்கு ஸ்பெல்லிங் தெரியாத பையன் இருந்திருக்க மாட்டான். பொய், நீ, பத்து, எறும்பு. இந்த நான்கையும் ஆங்கிலத்தில் அடுத்தடுத்து எழுதினால் லெஃப்டினன்ட் வந்துவிடும். (நீ-க்கு ‘யூ’ என்ற ஒற்றை எழுத்து போதும்.) அசாசினேஷனுக்கு இரண்டு கழுதை, ஒரு நான், ஒரு தேசம். இந்த வித்தையில் எனக்குத் தனிப் பெருமை. எழுதுகிறவரை பெருமைக்குப் பங்கமில்லை, வாயைத் திறந்தால்தான் வினை.

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரிடம் போய் ‘லை-யூ-டென்-ஆன்ட் கொலோனெல் சார்’ என்றேன். கர்னலையும் துண்டு போட்டுத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். மனிதர் சிரிக்கவில்லை, பயிற்சி அப்படி. வெஜிடேபிளிலும் கம்ஃபர்டபிளிலும் கடைசியில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தே பல வருடம் பேசியிருக்கிறேன்.

திருந்துவதற்காக அமெரிக்க அகராதி ஒன்று வாங்கினேன். சொற்களின் நடுவே புள்ளி வைத்து அசை பிரித்திருந்தார்கள். ‘அகெய்ன்’ என்ற சொல்லில் புள்ளியே இல்லை. ஆகவே அது ஓரசைச் சொல் என்று அக்கா மகளுக்குப் பாடமே நடத்தினேன். அவள் கைதட்டி இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். அதன் பிறகுதான் யாரும் படிக்காத முன்பக்கக் குறிப்பைப் படித்தேன். அந்தப் புள்ளிகள் வரிக் கடைசியில் சொல்லை உடைக்கிறவர்களுக்காக வைத்தவை. ஒற்றை எழுத்தைத் தனியே விட்டு உடைக்கக் கூடாது என்பதால் அங்கே புள்ளி இல்லை. உச்சரிப்பு பக்கத்திலேயே வேறு குறியீடுகளில் இருந்தது. அது ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்துபோயிருந்தேன்.

வெண்பாவுக்கு அலகிடத் தெரியும் என்ற திமிரும் என்னைக் கெடுத்தது. தமிழில் எழுத்தைப் பார்த்தால் நேரா நிரையா என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்திலோ அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரியாமல் கத்தியை வைக்க முடியாது. ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லானால் நடுவிலுள்ள ‘சி’ முன்பாதியோடு ஒட்டும். வினைச்சொல்லானால் பின்பாதிக்குப் போய்விடும். ஃபோட்டோகிராஃபில் முதல் அசைக்கு அழுத்தம், ஃபோட்டோகிராஃபியில் இரண்டாவதுக்கு. நான் எல்லா அசைக்கும் சமமாகப் பந்தி பரிமாறினேன்.

இப்போது பிரிட்டிஷ் அகராதி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லில் வரும் ‘எல்’லை அமெரிக்க அகராதி முன்பாதிக்குக் கொடுக்கிறது, பிரிட்டிஷ் அகராதி பின்பாதிக்கு. வரிக் கடைசியில் அந்தச் சொல் வந்தால் உடைக்காமல் முழுசாக அடுத்த வரிக்குத் தள்ளிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.