தாபோடிவாசி கோடை நாடகத்துக்குத் தனியாகப் போதல்: ஓர் ஆய்வு

கோடையில் நாடகத்துக்குத் தனியாகப் போவதா, வேண்டாமா என்ற சிக்கல் புனே பக்கத்துத் தாபோடித் தமிழரிடையே ஏப்ரல் கடைசியில் தலைகாட்டி, ஜூனில் பள்ளி திறந்ததும் மறைகிறது. காரணம் வெயில் அன்று, ரயில் முன்பதிவு. மனைவி மக்கள் ஊருக்குப் போய்விட, லீவு கிடைக்காதவர் வீட்டுச் சாவியும் தோசை மாவுமாக மிஞ்சுகிறார். மராத்தி நாளிதழின் நாடக விளம்பரம் அவர் கண்ணில் படுவது அப்போதுதான்.

எங்கே போவது என்பதில் குழப்பமில்லை. பவனா ஆற்றைத் தாண்டினால் நிளு புலே நாட்டியகிருகம். 2023 ஆகஸ்டில் தாபோடி மெட்ரோ நிலையம் திறந்தபின், ஆச்சார்ய அத்ரே ரங்கமந்திர் இருக்கும் சந்த் துகாராம் நகர் நான்காவது நிறுத்தம். 1968இல் திறக்கப்பட்ட பால கந்தர்வ ரங்கமந்திருக்கு சிவில் கோர்ட்டில் வண்டி மாற வேண்டும். அரங்குகளில் ஏசி உண்டு. மே மாத மதியத்தில் கலையார்வத்துக்கு இதைவிட வலுவான தூண்டுதல் தேவையில்லை.

குழப்பம் ‘தனியாக’ என்பதில்தான். பொது இடத்து மனிதரை ‘ஒற்றை’, ‘கூட்டு’ என இருவகையாகப் பிரித்தார் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் (1971). ஆனால் இப்பிரிவை எல்லா இடத்திலும் காண முடியாது. பங்குனி, சித்திரையில் வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துக்குப் பாயோடு வருபவரை யாரும் எண்ணுவதில்லை. அதே பருவத்தில் மராட்டிய ஊர்த் திருவிழாக்களான ஜத்ராக்களுக்கு நாராயண்காவிலிருந்து தமாஷா என்னும் நாட்டார் நாடகக் குழுக்கள் போகும்போதும் அப்படித்தான். டிக்கெட் கவுன்டரில் “எத்தனை?” என்று கேட்கும் நொடியில்தான் தனிமை பிறக்கிறது. ‘ஒண்ணு’ என்பதைச் சற்று மெதுவாகச் சொல்வது மரபு.

தனியாகப் போனால் ரசிக்காது என்ற அச்சத்தை ரெபெக்கா ராட்னர், ரெபெக்கா ஹாமில்டன் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தனர். ஓவியக் கூடத்துக்குள் தனியாகப் போனவர்கள், துணையோடு போனவர்கள் அளவுக்கே ரசித்திருந்தார்கள். தனியாகப் போவது பற்றிய ஆய்வை இருவர் சேர்ந்து செய்தது கவனிக்கத்தக்கது. தவிர, ஓவியக் கூடத்தில் இடைவேளை கிடையாது.

சிக்கலின் மையம் இடைவேளைதான். மூன்றாம் மணி அடித்து விளக்கு அணைந்தபின் அரங்கில் எல்லோரும் ஒற்றையே. வெளிச்சம் வந்ததும் இருக்கை, படாட்டா வடா, கழிப்பறை என மூன்று கடமைகள் ஒரே ஆள் தலையில் விழுகின்றன. துணையோடு வந்தவர்கள் இவற்றைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தனியர் கைக்குட்டையை இருக்கையில் போட்டுவிட்டுப் போகிறார். இருக்கைக்கு எண் உண்டு, டிக்கெட் சட்டைப்பையில் உண்டு. ஆனாலும் பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டுப் பழகிய கை கேட்பதில்லை. ஒரு கையில் வடை, மறு கையில் டீ வந்தபின், போனைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்யவும் வழியில்லை. அந்நேரம் பார்த்து பக்கத்து இருக்கைக்காரர், “ஏக்டேச் ஆலாத் கா?” (தனியாகத்தான் வந்தீர்களா?) என்பார். ‘ஆமாம்’ என்றால் பேச்சு முடிந்தது. ‘வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்க’ என்று தெரிந்த மராத்தியில் சொல்பவருக்கு அனுதாபமும், முதல் அங்கத்தில் புரியாமல் போன நகைச்சுவைக்கு விளக்கமும் கிடைக்கின்றன.

காட்சி நேரம் இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. இரவு 9:30 காட்சி முடியும்போது மெட்ரோ ஓய்ந்திருக்கும். ஆட்டோக்காரர் சொன்னதே விலை. தனியாக வரும் பெண்ணுக்கு இது ஒன்றே உண்மையான தடை. மற்றதெல்லாம் கூச்சக் கணக்கு. ஆகவே பகல் அல்லது மாலைக் காட்சியே உகந்தது. டிக்கெட் தீர்ந்துவிட்டதாகச் சொல்லும் நாளிலும் தனியர் கவுன்டரில் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஜோடி ஜோடியாக விற்றபின் நாலாவது வரிசை நடுவில் ஓர் இருக்கை மிஞ்சியிருப்பதுண்டு.