சூரிச்சுக்குப் போற பேராண்டிக்குச் சில யோசனை

வாடா பேராண்டி, உக்காரு. சூரிச்சுல பேங்கு வேலையாமே? உங்கம்மா தெரு பூரா சொல்லிட்டா. கோட்டு சூட்டை நீ பாத்துக்குவே. தொழில் நெளிவு சுளிவை மட்டும் தாத்தா சொல்லித் தாரேன்.

கணக்கு ஆரம்பிக்க வர்றவன் பூர்வீகத்தை நோண்டாதே. 1968-ல அதே சூரிச்சுல, கிரெடிட் சுவிஸ் பேங்குல, வில்லியம் சாண்டர்ஸ், ஜேன் ரயன்னு ரெண்டு பேர்ல கணக்கு விழுந்துச்சு. துரை, துரைசானி பேரு மாதிரி இருக்குல்ல? ஆளு யாருன்னா, பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி பெர்டினாண்ட் மார்க்கோசும் அவரு சம்சாரம் இமெல்டாவும்! எடுத்த எடுப்புலேயே 9,50,000 டாலர். சம்பளம் எவ்வளவுங்கன்னு யாராச்சும் கேட்டிருந்தா காரியம் கெட்டுப்போயிருக்கும். புருசன் பெஞ்சாதி ரெண்டு பேரும் பதவியில இருந்த காலம் பூரா முறையா சம்பாதிச்சது மொத்தமே 3,04,372 டாலர்தான்னு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு பின்னாடி கணக்குப் போட்டுச் சொல்லிச்சு. நீ கேட்டு வைக்காதே. பெரிய மனுசன் கோவிச்சுக்கிட்டு எதுத்த பேங்குக்குப் போயிருவான்.

துட்டு வர்ற ஊர்ல என்ன நடக்குதுன்னும் பாக்காதே. 1972-ல மார்க்கோசு ராணுவச் சட்டம் போட்டாரு. 70,000 பேர் உள்ள போனாங்க, 34,000 பேரைச் சித்திரவதை பண்ணாங்க, 3,240 பேரைக் கொன்னாங்கன்னு ஆம்னஸ்டிங்கிற மனித உரிமை அமைப்போட கணக்கு சொல்லுது. பேங்கு லெட்ஜர்ல இதுக்கெல்லாம் கட்டம் ஏது?

1986 பிப்ரவரியில சனங்க தெருவுல திரண்டதும் குடும்பம் ஹவாய்க்கு ஓடிப்போச்சு. அடுத்த மாசமே சுவிஸ் சர்க்காரு பணத்தை முடக்கிருச்சு. ஆனை வாய்ல போன கரும்பு திரும்பாதும்பாங்க, இது திரும்புச்சு. என்ன, கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சு வர 17 வருசத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள 35.6 கோடி டாலர் வட்டி போட்டு 65.8 கோடிக்கு மேல ஆச்சு. அடிபட்டவங்க வயசும்தான் கூடிச்சு, அதுக்கு வட்டி கிடையாது.

1997-ல சுவிஸ் கோர்ட்டு ஒரு நிபந்தனை வச்சது பாரு, அது ஒண்ணுதான் இதுல எனக்குப் பிடிச்சது. பணத்தைத் தாரோம், ஆனா முறையா விசாரிச்சுத் தீர்ப்புச் சொல்லணும், கொடுமைப்பட்ட சனத்துக்கு நஷ்டஈடு கிடைக்க வழி பண்ணணும்னு சொல்லிச்சு. களவுபோனதைக் கஜானாவுல கட்டிட்டா கடமை தீந்துச்சுன்னு கைகழுவ முடியுமா? திருடுனவரும் அந்தக் கஜானாச் சாவியை வச்சிருந்தவர்தானே!

2004-ல பணம் மணிலா கஜானாவுல சேந்துருச்சு. இப்படி மீட்ட பணம் நிலச் சீர்திருத்தத்துக்குத்தான் போகணும்னு அங்க ஏற்கெனவே சட்டம் இருந்துச்சு. அடிபட்டவங்களுக்கு அந்தப் பணத்துலேர்ந்து 1,000 கோடி பெசோ ஒதுக்கச் சட்டம் வர்றதுக்கு 2013 ஆயிருச்சு.

அந்தச் சட்டத்துல நஷ்டஈட்டுக்கு மார்க்கு முறை ஒண்ணு உண்டு. செத்தவனுக்கும் காணாமப்போனவனுக்கும் 10. சித்திரவதை, கற்பழிப்புன்னா 6-லேர்ந்து 9. செயில்ல கிடந்ததுக்கு 3-லேர்ந்து 5. இவன் பட்ட அடிக்கு ஆறா ஏழான்னு பேனாவும் கையுமா உக்காந்த அதிகாரிக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கிருக்குமா? மனுவோட சத்தியப் பத்திரம், சாட்சி, ஆதாரம்னு அடுக்கணும். அடிச்ச சிப்பாய் என்ன, ரசீதா கிழிச்சுக் குடுத்தான்? வில்லியம் சாண்டர்ஸ்கிட்ட கேக்காத காகிதத்தை எல்லாம், நகத்தைப் பிடுங்கக் குடுத்தவன்கிட்ட கேட்டாங்க. 75,000 பேருக்கு மேல மனுப் போட்டாங்க. தேறுனது 11,103 பேர். யாரு யாரு தேறுனாங்கன்னு முடிவாகவே 2018 ஆச்சு.

2022-ல மார்க்கோசு மகனே ஜனாதிபதி ஆயிட்டாரு. ஓட்டுப் போட்டுத்தான் கொண்டாந்தாங்க, அதுல நாம வாயைத் திறக்கப்படாது. கிரெடிட் சுவிசையும் அடுத்த வருசமே இன்னொரு பேங்கு முழுங்கிருச்சு.

ஆகக்கூடி பேராண்டி, பேரைக் கேக்காதே, சம்பளத்தைக் கேக்காதே, ஊரு நெலவரம் கேக்காதே. எம் பேச்சை நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தைச் சூரிச்சுலயும் விட்டுறாதே.