தாவலியல்

ஒரு நூலின் தரம் பாயிரத்திலேயே தெரிந்துவிடும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்துக்கு 1-1 என்ற முதல் கட்டம்தான் பாயிரம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதை மறுபடி ஆட உட்கார்ந்தவன், ஒரு வாரமாகியும் 1-1ஐ விட்டு நகரவில்லை, வரிவரியாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு கட்டுக்கோப்பான இலக்கண நூல் அண்மையில் என் கைக்கு வந்ததில்லை. அது எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: தாவுதல்.

முதலில் நூல் வரலாறு. 1985 செப்டம்பர் 13 அன்று, நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. வடிவமைத்தவர்கள் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும். இசை கோஜி கோண்டோ. 8 உலகங்கள், உலகுக்கு 4 கட்டங்கள், ஆக 32. இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் இதைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். நூலுக்குரிய அழகுகளை எண்ணும் நன்னூல், சுருக்கத்தை முதலிலும் தெளிவை அடுத்ததாகவும் வைக்கிறது. இங்கே சுருக்கம் எப்படி வந்தது என்றால், வானத்து மேகமும் தரைப் புதரும் ஒரே உருவம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். கூம்பா என்னும் பழுப்புநிறப் பகைவன் நடப்பதாகத் தோன்றுவதும் ஒரே படத்தை இடம்வலமாகப் புரட்டிப் புரட்டிக் காட்டுவதால்தான். 90களில் கேசட்டை ஊதிச் சொருகி, டிவி கேமே கதியென்று கிடந்த எங்கள் தெருவில் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லை.

இனி உரை. திரை திறந்ததும் மாரியோ இடப்பக்கம் நிற்கிறான், முகம் வலப்பக்கம். எதிரே வெட்டவெளி. வலப்பக்கம் போ என்பது இதன் பொருள். அதைச் சொல்ல ஓர் எழுத்துகூடச் செலவாகவில்லை. அடுத்து, மினுக்கும் கேள்விக்குறிக் கட்டை. கீழே கூம்பா வருகிறது. தாவாதவன் அங்கேயே உயிரை விடுவான், ஆனால் அவன் இழந்தது சில நொடிதான். தாவியவன் கட்டையில் முட்டிக் காசு பெறுவான், அல்லது கூம்பாவை மிதிப்பான்.

பிறகு, கட்டையிலிருந்து வெளிவந்து மாரியோவைப் பெரிதாக்கும் காளான். கூம்பாவிடம் பட்டவர்கள் அதைக் கண்டும் அஞ்சுவார்கள். அது வலப்பக்கம் ஓடி, தரையில் இறங்கி, பச்சைக் குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்புகிறது. தப்பிக்கத் தாவினாலோ, மேலிருக்கும் செங்கல் தலையில் தட்டிக் காளான்மீதே இறக்கிவிடும். பயந்தவனுக்கும் பரிசு கிடைத்தாக வேண்டும் என்று கட்டப்பட்ட இடம் இது. மியாமோட்டோவே இதைப் பேட்டியில் விளக்கியிருக்கிறார். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் "பெரிசாயிட்டான்டா!" என்ற கூச்சல்தான்.

தாவலின் விதியைத் தனியே சொல்ல வேண்டும். மாரியோ, எறிந்த பந்தைப்போல எழுந்து விழுபவன் அல்லன். பொத்தானை அழுத்தியபடி மேலெழும் வரை அவனுக்குப் புவியீர்ப்பு குறைவு. விரலை எடுத்தாலும், உச்சியைத் தாண்டினாலும், அது மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். ஓடிவந்து தாவினால் எழும் வேகமே அதிகம். அந்தரத்தில் இருந்துகொண்டே திசையும் திருப்பலாம். இயற்பியல் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். விரலுக்கு மட்டும் இதுவே மெய்யாகப் படுகிறது. மனம் நினைத்த உயரத்தில் உடம்பு நின்று இறங்கும் அந்த இன்பத்தை இதற்குப் பின் வந்த பல ஆட்டங்களிலும் தேடிப் பார்த்தேன், அரிதாகவே கிடைத்தது.

நூலில் குற்றமும் உண்டு. 4-4, 7-4 கோட்டைகளில் தவறான வழியில் போனால் வந்த இடமே திரும்பத் திரும்ப வரும். எந்த வழி தவறு என்பதற்குத் திரையில் குறிப்பே இல்லை. கற்பித்த பிறகே சோதித்த கை, இங்கே கற்பிக்காமல் சோதிக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1-1இன் கடைப்பகுதியைப் பார்த்தால் அந்தக் குறை இன்னும் உறுத்தும். அங்கே எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள். ஒன்றில் ஏறி, இடைவெளியைத் தாவி, மற்றதில் இறங்க வேண்டும். இடையில் தரை இருக்கிறது. தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, எம்பி வெளியே வந்துவிடலாம். சற்றுத் தள்ளி இன்னொரு ஜோடி. அதே இரண்டு கட்டை அகல இடைவெளி, ஆனால் கீழே தரை இல்லை. விழுந்தால் லைஃப் போச்சு. ஆபத்தில்லாத தாவலும் ஆபத்தான தாவலும் அளவில் ஒன்றே என்பதை முதல் ஜோடி கால்களுக்குச் சொல்லிவிடுகிறது.

அந்த முதல் ஜோடியின் நடுவே சிறுவயதில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறேன். வெறும் தரை என்று நினைத்து எழுந்து ஓடியிருக்கிறேன். நேற்றிரவு வேண்டுமென்றே அங்கே குதித்து, கடிகாரம் 100க்கு இறங்கி இசை வேகமெடுக்கும் வரை நின்றுகொண்டிருந்தேன்.